கட்டுக்கம்பி

எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ் கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போதே இருவரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று பேர் இருக்கை. ஜன்னலோரம் அப்பா, நடுவில் மகள், நடைவழியோரம் நான். அப்பா தன் பையைக் காலடியில் வைத்தார். தோளில் மாட்டும் பட்டை ஒரு பக்கம் அறுந்திருந்தது. அறுந்த இடத்தைக் கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கி, முறுக்கின் முனை யார் கையிலும் கீறாதபடி உள்ளே மடித்துவிட்டிருந்தார். அந்த மடிப்பைப் பார்த்ததுமே அவருடைய தொழில் எனக்குத் தெரிந்துபோயிற்று. கம்பி கட்டுகிறவர். கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. விரல் இடுக்கில் துரு ஏறிய கோடுகள், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாதவை.

மகளுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஃபைலை மடியில் வைத்திருந்தாள். மேலே சாமான் வைக்கும் பலகை காலியாகத்தான் இருந்தது. ஃபைலை அங்கே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலிருந்து சாதிச் சான்றிதழ்வரை ஒரு வீட்டின் மொத்தச் சொத்தும் அந்த ஃபைலுக்குள் இருக்கும். 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கிய வண்டி இது. எத்தனை ஃபைல்களைச் சென்னைக்குக் கொண்டுபோயிருக்கும், எத்தனை ஃபைல்களை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் போனதில்லை. அதில் ஒன்று என்னுடையது. ரெக்சின் ஃபைல், கறுப்பு நிறம்.

தாம்பரம் தாண்டியதும் அவள் தோழிக்குப் போன் செய்தாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் பக்கத்து இருக்கைக்குக் கேட்காமல் போக வழியில்லை.

“நாலு பேருடி. மூணு பேரு நல்லாத்தான் கேட்டாங்க. நாலாவது ஆளு பெரிய ஆளு போல. பில்லர்ல போடுற ரிங்குக்கு ஹூக் எத்தனை டிகிரின்னு கேட்டாரு. தொண்ணூறு டிகிரி, அதுக்கு அப்புறம் எட்டு டயா நீளம்னு சொன்னேன். ‘அப்படியா’ன்னாரு. அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு.”

அந்த ‘அப்படியா’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். முப்பது வருடத்துக்கு மேல் கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் இருந்தவன் நான். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து நானே பல தடவை அதைச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். தூணுக்குள் நெட்டாக நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சதுரமாக வளைத்துப் போடும் மெல்லிய கம்பிக்குத்தான் கட்டட வேலையில் ரிங் என்று பெயர். அதன் இரண்டு முனைகளும் சேரும் மூலையில் கொக்கிபோல மடக்கிவிட வேண்டும். கான்கிரீட்டுக்கான பொது விதி ஐ.எஸ். 456. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, தொண்ணூறு டிகிரி மடக்கி எட்டு விட்டம் நீளம் விட்டாலும் சரி, நூற்று முப்பத்தைந்து டிகிரி மடக்கி ஆறு விட்டம் விட்டாலும் சரி என்கிறது. ஆகவே அந்தப் பெண் சொன்னது புத்தகத்தில் இருக்கிற பதில். ஆனால் நிலநடுக்கத்தை எண்ணிக் கட்டும்போது ஐ.எஸ். 13920 என்ற இன்னொரு விதி வருகிறது. அதில் தொண்ணூறுக்கு இடமே இல்லை. நூற்று முப்பத்தைந்து டிகிரி, ஆறு விட்டம், அதுவும் 65 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கொக்கியின் முனை தூணின் வயிற்றுக்குள் புதைந்திருக்க வேண்டும். 2001 ஜனவரி 26 காலை குஜராத்தில் பூமி குலுங்கிய பிறகு, உடைந்த தூண்களின் படங்களை எங்கள் அலுவலக மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். மேல்பூச்சும் வெளிக்கான்கிரீட்டும் உதிர்ந்து, உள்ளே ரிங்குகள் வாய் பிளந்து நின்றன. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். எந்த விதிப்படி என்று சேர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவளும் சரியாகச் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

செங்கல்பட்டு ஏரி பின்னால் போனது. பாலாற்றில் மணல்தான் தெரிந்தது. அப்பா தூங்கிப்போனார். உட்கார்ந்தபடி, தலை சாயாமல், கையைக் கட்டிக்கொண்டு தூங்கினார். சாரத்து நிழலில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் தூங்கிப் பழகியவர்கள் அப்படித்தான் தூங்குவார்கள்.

விழுப்புரத்தை விட்டு வண்டி வேகம் எடுத்தபோது அவளுடைய போன் ஒரு தடவை அதிர்ந்தது.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தவறு. கண்ணைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். திருப்பவில்லை, அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். திரையில் குறுக்கே ஒரு விரிசல். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் ஐந்தாறு வரி. நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி, கவனமாகப் பரிசீலித்தோம், இந்த முறை வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் போகிற கடிதம்.

அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமலே மூடினாள். ஃபைலின் ஜிப் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தூங்குவதை உறுதிசெய்துகொண்ட பிறகே கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

விருத்தாசலம் வரும்வரை அவள் எதுவும் செய்யவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரும்பும் கட்டாந்தரையும் மாறி மாறி வந்தன. இந்த நேரத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கடிதம் கைக்கு வந்த அந்த நிமிடத்தில் எழுதப்படும் பதில் எதுவும் எழுதியவருக்கு நல்லது செய்து நான் பார்த்ததில்லை.

விருத்தாசலம் தாண்டியதும் எழுத ஆரம்பித்தாள். கட்டை விரல்கள் வேகமாகப் போயின. ஐ.எஸ். 456 என்று எழுதினாள். பிரிவு எண்ணைத் தேடி எடுத்து, அதையும் போட்டாள். நான் சொன்ன பதில் விதிப்படி சரியானது, கேள்வியில்தான் தெளிவு இல்லை என்றாள். எழுத்தில் ஒரு பிழைகூட இல்லை. கோபத்தில்கூட இவ்வளவு சுத்தமாக எழுதுகிற பெண்ணை வேண்டாம் என்றிருக்கிறார்களே என்று எனக்கு நெஞ்சு அடைத்தது. சொன்னது நியாயம். ஆனால் அந்தக் கடிதம் போய்ச் சேரும் இடம் எனக்குத் தெரியும். கேள்வி கேட்டவர் கையில் அது கிடைக்காது. ஹெச்.ஆர். பெண் ஒருத்தி திறப்பாள். அவளும் இவள் வயதுக்காரியாகத்தான் இருப்பாள். ரிங் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோபத்தை மட்டும் புரிந்துகொண்டு மூடிவிடுவாள்.

அரசு வேலையாக இருந்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டு, எனக்கு என்ன மதிப்பெண் என்று கேட்கலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. தனியார் அலுவலகத்துக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. காரணம் சொல்லாமலே கதவைச் சாத்தலாம்.

அனுப்பும் பொத்தான்மேல் அவள் விரல் நின்றது. எனக்கு மூச்சு நின்றது. பிறகு அடியிலிருந்து அழிக்க ஆரம்பித்தாள். மொத்தமாக அழிக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பின்னால் போய் அழித்தாள்.

அடுத்து எழுதியது என்னை இன்னும் வருத்தியது. சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள். மூன்று மாதம் சம்பளம் இல்லாமலே வேலை பார்க்கத் தயார் என்றாள். அப்பா என்ற சொல்லை எழுதினாள். அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. பக்கத்தில் தூங்குகிறவரின் கையைப் பார்த்தாள். உடனே அத்தனையையும் அழித்தாள். இந்தத் தடவை ஒரே அழுத்தத்தில் எல்லாம் போயிற்று.

என்னிடமும் அப்படி ஒரு கடிதம் வந்ததுண்டு. வெகு காலத்துக்கு முன்பு, தபாலில். நாங்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய ஒரு பையன் எழுதியிருந்தான். கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. நீங்கள் கொடுத்த வரைபடத்தில் நான் எங்கே தவறினேன் என்று மட்டும் சொல்ல முடியுமா, அடுத்த இடத்தில் அதே தவறைச் செய்யாமல் இருக்க உதவும் என்று நாலே வரி. படிக்கட்டின் திருப்பத்தில் கம்பி போகும் திசையை அவன் மாற்றிப் போட்டிருந்தான். ஓர் அஞ்சலட்டையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம். யாருக்கும் காரணம் எழுதிக் கொடுக்கக் கூடாது, பின்னால் வம்பாகும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நானும் எழுதவில்லை. அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வெகு நாள் வைத்திருந்தேன். இத்தனை வருடமாகியும் படிக்கட்டு வரைபடம் கைக்கு வரும்போதெல்லாம் முதலில் அந்தத் திருப்பத்தைத்தான் பார்க்கிறேன். அந்தப் பையனிடம் யாராவது சொன்னார்களா என்பது தெரியவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கலாம். இப்படி எழுது, உன் பதிலில் பாதி சரி என்று சொல்லியிருக்கலாம். தேர்வானவர் வேலையில் சேராமல் போவது நடக்கிற காரியம்தான், அப்போது இரண்டாவதாக இருந்தவருக்குப் போன் வரும் என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், அவள் எழுதி அழித்ததை எல்லாம் நான் படித்தேன் என்றாகும். இவ்வளவு நேரமாகத் தன் அப்பாவிடமே மறைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை முதலில் அறிந்தவன் முன்பின் தெரியாத ஆள் என்றாகும். வாய் திறக்கவில்லை.

அரியலூரில் யாரோ தூக்கிப்போட்ட மூட்டைச் சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார்.

“என்ன பாப்பா, எங்கிட்டு இருக்கோம்?”

“அரியலூர்ப்பா.”

“ஆபீஸ்ல இருந்து ஏதும் வந்துச்சா?”

“இல்லப்பா. ரெண்டு நாளாகும்.”

அவர் தலையை ஆட்டினார். அவள் போனைத் திரை கீழே இருக்கும்படி ஃபைலின்மேல் கவிழ்த்தாள்.

எனக்கு அதுவரை புரியாத ஒன்று அப்போது புரிந்தது. அவள் தேடிக்கொண்டிருந்தது அலுவலகத்துக்கு எழுதும் வாசகத்தை மட்டும் இல்லை. அந்தக் கடிதத்தை நான்கு வரியில் முடித்துவிடலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, போகவரச் செலவு பண்ணி, இன்டர்வியூ நடந்த கட்டடத்தின் வாசலில் வேப்பமரத்தடியிலோ பெட்டிக்கடை ஓரத்திலோ மூன்று மணி நேரம் நின்றிருப்பாரே, அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்கு எத்தனை வரி வேண்டும்? அதைத்தான் விழுப்புரத்திலிருந்து அவள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

கொள்ளிடப் பாலத்தில் வண்டி தடதடத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணை மூடி ஸ்ரீரங்கத்துக் கோபுரம் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டார். காவிரிப் பாலத்திலும் கும்பிட்டார். அவள் இரண்டு தடவையும் அவர் கும்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபுரத்தைப் பார்க்கவில்லை.

திருச்சியில் கூட்டம் இறங்கி, கூட்டம் ஏறியது. அதன் பிறகு முறுக்கு விற்கிறவர் வந்தார். மணப்பாறை முறுக்கு. அப்பா ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்து முதலில் என் பக்கம் நீட்டினார். “எடுத்துக்கங்கய்யா.” ஒன்று எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் அதன் சுற்றுகளைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அப்பா, பில்லர் ரிங்குக்கு முனைய எப்படிப்பா மடக்குவீங்க?”

“எதுக்குத்தா கேக்குற?”

“சும்மாதான். சொல்லுங்க.”

சொல்லிக் காட்ட அவருக்கு வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, பையின் பட்டையில் இருந்த கட்டுக்கம்பியை எடுத்து, முறுக்குப் பிரித்தார். கால் நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாக வளைந்திருந்த கம்பியைத் தொடையில் வைத்து நீவி நேராக்கினார். பிறகு விரல்களுக்கு இடையில் அது சதுரமாகத் தொடங்கியது. ஒரு மூலை, இரண்டாவது, மூன்றாவது. அளவுகோல் வைத்ததுபோல நான்கு பக்கமும் ஒன்றாக இருந்தன.

“இந்தா, இப்படி நேரா மடக்குனா சுளுவான வேல. கம்பிக்குள்ள கோர்க்கறதும் சுளுவு. பலபேரு அப்படித்தான் விடுவாங்க.” முனையைச் சதுரத்தின் பக்கவாட்டோடு ஒட்டினாற்போல் மடக்கிக் காட்டினார். “ஆனா வெளிச்சிமெண்டு பேந்துச்சுன்னு வையி, இதப் புடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்ல. வெடுக்குன்னு விரிஞ்சிரும்.” நகத்தால் தட்டினார். சதுரம் வாய் திறந்தது. “அதுக்குத்தான் உள்ள பாத்து இப்படிச் சாச்சு மடக்கணும். முனை நடுவயித்துக்குள்ள போயிரணும். கோர்க்கக் கஷ்டம்தான். கை கிழியும். முன்ன ஒரு சைட்டுல இஞ்சினியர் ஐயா ஒருத்தரு, நேரா மடக்குன ரிங்க ஒரு பில்லர் பூரா அத்துப்போடச் சொல்லிட்டாரு. அன்னிக்கிக் கூலி போச்சு. ஆனா அவரு சொன்னது நியாயம்.”

நூற்று முப்பத்தைந்து என்ற எண் அவர் வாயில் வரவேயில்லை. கம்பியில் இருந்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆடுகிற ரயிலில், வெறும் விரலால் வளைத்த கொக்கி. பாகைமானி வைத்துப் பார்த்திருந்தாலும் பெரிதாகப் பிசகியிருக்காது.

அவள் அந்தச் சிறிய சதுரத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“இதத்தாம்ப்பா கேட்டாங்க.”

“எத?”

“இந்த ஹூக்கத்தான். நீங்க முத சொன்னீங்கல்ல, நேரா மடக்குறது, அதத்தான் நான் சொன்னேன். புக்குல அதுவும் இருக்கு. ஆனா அவங்க கேட்டது இது.” நிறுத்தினாள். “மெயில் வந்திருச்சுப்பா. விழுப்புரத்துலயே வந்திருச்சு. வேற ஆள எடுத்துட்டாங்க.”

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. மடியில் விழுந்திருந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டார். பொட்டலத்தை மடித்தார். ஜன்னலுக்கு வெளியே இருட்டு. தூரத்தில் ஒரு செங்கல் சூளையின் நெருப்பு வந்து போயிற்று.

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல. அம்புட்டு நேரம் தனியாவா வச்சிக்கிட்டு வந்த?”

அவ்வளவுதான் கேட்டார். அதற்குத்தான் அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், ஃபைலின்மேல் குனிந்து அழுதாள். அவர் அவளைத் தொடவில்லை, தேற்றவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார், அவள் நிமிரும்வரை. நான் நடைவழிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே மரியாதை அதுதான்.

சற்றுப் பொறுத்து அவர் குரல் கேட்டது.

“அவுகளுக்குப் பதில் போட்டியா?”

“என்னத்தப்பா போடுறது? வேணாம்னுட்டாங்கல்ல.”

“வேல இல்லன்னு திருப்பி விட்டாலும் மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் வருவோம். வர்றேண்ணேன்னு. சொல்லாம கொள்ளாம வந்துட்டா, மறுக்கா அந்த சைட்டுப் பக்கம் எப்படிப் போறது? நீ சொன்னது எது, அவுக கேட்டது எதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல. அத எழுது.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். நான் இந்த முறை பார்க்காமல் இருக்கத்தான் முயன்றேன். ஆனால் அவள் எழுதியதைத் தமிழில் மெல்லச் சொல்லிச் சொல்லி அப்பாவிடம் சரிபார்த்தாள். நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. ரிங் கொக்கி பற்றிய கேள்விக்கு நான் ஐ.எஸ். 456 படி பதில் சொன்னேன், நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 13920 படி அது நூற்று முப்பத்தைந்து டிகிரி என்பதையும், ஏன் அப்படி என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன். கேள்வி கேட்டவரிடம் இதைச் சொல்ல முடிந்தால் மகிழ்வேன். வேறு எதில் நான் மேம்பட வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். இடம் வரும்போது மறுபடி விண்ணப்பிக்கலாமா?

“விண்ணப்பிக்கலாமான்னு கேக்காத. விண்ணப்பிப்பேன்னு போடு,” என்றார் அப்பா.

மாற்றினாள். அனுப்பினாள். டவர் இல்லை. திரையில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வடமதுரை பக்கம் ஒரு தடவை நின்று மறுபடி சுற்றியது. இருவரும் தலைகளைச் சேர்த்து வைத்து அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திண்டுக்கல் விளக்குகள் தெரியத் தொடங்கியபோது அது போய்ச் சேர்ந்தது.

இறங்கத் தயாரானார்கள். அவள் ஃபைலின் ஜிப்பைத் திறந்து, சான்றிதழ்கள் கசங்காமல், ஓரத்தில் இருந்த சின்னப் பைக்குள் அந்தக் கம்பிச் சதுரத்தைப் போட்டு மூடினாள். அப்பா குனிந்து பையைத் தூக்கினார். பட்டை தனியாக வந்து தொங்கியது. கட்டுக்கம்பி இப்போது அங்கே இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. மகளிடம் கேட்கவில்லை. பையைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அறுந்த பட்டையை அதன்மேல் சுற்றிப் பிடித்துக்கொண்டு, “வர்றோங்கய்யா” என்று என்னிடமும் சொல்லிவிட்டு இறங்கினார்.